வீட்டோரத்து முதுமரங்கள்: வெட்டுவதா, விட்டுவைப்பதா?

நம் நாட்டுத் தோட்டப்புறக் குடியிருப்புகளில் மரமில்லாத முற்றத்தைக் காண்பது அரிது. லயன் வீடுகள் எழுப்பப்பட்ட காலத்தில் நம் முன்னோர் நட்ட மாவும் பலாவும் ரம்புத்தானும் தென்னையும், சாலையோரங்களில் நிர்வாகத்தார் வைத்த தூங்குமூஞ்சி மரங்களும் இன்று ஓங்கி வளர்ந்து கூரைகளுக்கு மேல் கிளை பரப்பி நிற்கின்றன. அவை தரும் நிழலிலே பிள்ளைகள் விளையாடுகின்றனர். பால்வெட்டு முடித்து வருவோர் இளைப்பாறுகின்றனர். மாலை வேளைகளில் பெரியோர் கூடிப் பேசுகின்றனர். தகரக் கூரையின் கீழ் வாழ்வோருக்கு நண்பகல் வெயிலிலிருந்து காப்பளிப்பவையும் அம்மரங்களே.

ஆயினும், நட்டபோது விரற்கடை அளவாயிருந்த செடி நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பல டன் எடையுள்ள பெருமரமாகி விடுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அறுபது சென்டிமீட்டர் குறுக்களவும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சை மரத்துண்டு ஏறத்தாழ ஒரு டன் எடை கொண்டது. அத்தகைய பாரத்தைத் தாங்கும் வலிமை பலகைச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மரம் விழுவது தொலைவில் எங்கோ நிகழும் செய்தியன்று. 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெருமரம் ஒன்று வேரோடு சாய்ந்ததில் ஓர் ஆடவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் சேதமுற்றன. அண்டை நாடான சிங்கப்பூரின் தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுகளுக்கு மேற்பட்டதெனக் கருதப்பட்ட, 40 மீட்டர் உயரமுள்ள தெம்புசு மரம் 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் சாய்ந்து ஒரு பெண்மணியின் உயிரைப் பறித்தது. அம்மரம் வல்லுநர்களால் முறையாகக் கவனிக்கப்பட்டு வந்த பாரம்பரிய மரமாகும். அத்தகைய மரத்துக்கே அந்நிலை நேருமாயின், எவரும் ஏறிட்டுப் பார்க்காத நம் வீட்டோரத்து மரங்களைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டியது அவசியமன்றோ?

அதற்காக எல்லா முதுமரங்களையும் வெட்டிச் சாய்த்துவிட வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. எதை வைப்பது, எதைக் கழிப்பது, எதை அகற்றுவது, அகற்றிய பின் வீட்டின் வெளிப்புறத்தை எவ்வாறு காப்பது என்பனவற்றையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

மரம் சாய்வதேன்?

பெருமரத்துக்கு ஆணிவேர் பாதாளம்வரை செல்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் முதிர்ந்த மரங்களின் வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவை பக்கவாட்டில் கிளைகளின் விளிம்பையும் கடந்து வெகுதூரம் பரவுகின்றன. அகன்ற தட்டின் நடுவே நட்ட கம்பம்போல மரம் நிற்கிறது. அத்தட்டின் ஒரு பகுதியை வெட்டிவிட்டாலோ, அழுகவிட்டாலோ, எஞ்சிய பகுதி காற்றின் விசையைத் தாங்க இயலாது.

மனிதர் செய்யும் காரியங்களே பல மரங்களின் வீழ்ச்சிக்கு வித்திடுகின்றன. வடிகால் தோண்டும்போதும் தண்ணீர்க் குழாய் புதைக்கும்போதும் ஒரு பக்கத்து வேர்கள் முழுவதும் அறுபடுகின்றன. முற்றத்தைச் சிமெண்டுத் தளமாக்கும்போது வேர்களுக்குக் காற்றும் நீரும் கிட்டாமற் போகின்றன. நிலத்தை உயர்த்த அடிமரத்தைச் சுற்றி மண் கொட்டினால் அடிப்பட்டை ஈரத்தில் அழுகுகிறது. மரத்தடியில் குப்பை எரிப்பதும், பட்டையில் ஆணியடித்துக் கொடிக்கம்பி கட்டுவதும் காளானுக்கும் கறையானுக்கும் வாசல் திறந்துவிடும் செயல்களாகும். இத்தகைய காயங்களின் விளைவு உடனே தெரிவதில்லை. மரம் பல ஆண்டுகள் பசுமையாகவே நிற்கும். பின்னர் ஒரு மழைநாளில் சாயும்.

நம் நாட்டுப் பருவநிலையும் இதற்குத் துணைசெய்கிறது. மேற்குக் கரை மாநிலங்களில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கூடிய பெருமழையும் சூறைக்காற்றும் மிகுதி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னரோ விடியும் வேளையிலோ வீசுகிறது. பிள்ளைகள் உறங்கிக் கொண்டிருக்கும் நேரமும், தொழிலாளர்கள் பெரட்டுக்குப் புறப்படும் நேரமும் அதுவே. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச்சு வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழை மண்ணைச் சேறாக்கி வேர்ப்பிடியைத் தளர்த்திவிடுகிறது.

கண்ணால் காணத்தக்க அறிகுறிகள்

ஒவ்வொரு குடும்பத்தாரும் ஆண்டுக்கு இருமுறையேனும், அதாவது மார்ச்சு மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும், தம் வீட்டருகேயுள்ள மரங்களைச் சுற்றிவந்து கூர்ந்து நோக்குதல் வேண்டும். கீழ்க்காணும் அறிகுறிகள் கவனத்துக்குரியவை:

1. அடிமரத்திலோ வேர்களின் மீதோ தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருத்தல். உள்ளே மரம் அழுகிவிட்டது என்பதற்கு இது தெளிவான அடையாளம்.

2. மரத்தைக் கட்டையால் தட்டும்போது பறையொலிபோல் வெற்றொலி கேட்டல்; பொந்துகள் இருத்தல்; அடியில் மரத்தூள் கொட்டிக் கிடத்தல்.

3. முன்பு நேராக நின்ற மரம் அண்மையில் சாயத் தொடங்கியிருத்தல். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்து மேலெழும்பியிருத்தல். இவ்வறிகுறியைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

4. உச்சிக் கிளைகள் பட்டுப்போய் இலையற்று நிற்றல்.

5. ஒரே அடியிலிருந்து இரு பெருங்கிளைகள் நெருங்கி எழுந்து, அவற்றின் கவட்டில் பிளவு காணப்படுதல்.

6. கறையான் மண்கூடு அடிமரத்திலிருந்து மேல்நோக்கிச் செல்லுதல்; புல்லுருவி கிளைகளை மூடிப் படர்ந்திருத்தல்.

பிறவியிலிருந்தே சற்றுச் சாய்ந்து வளர்ந்த மரம் அனைத்தும் ஆபத்தானதன்று. வெளிச்சத்தை நாடிச் சாய்ந்த மரம், அதற்கேற்ப வேரையும் வலுப்படுத்திக் கொள்கிறது. புதிதாக நேர்ந்த சாய்வே அச்சத்துக்குரியது.

மரம் விழுந்தால் வீட்டை எட்டுமா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. உங்கள் கண்ணிலிருந்து நீட்டிய கைவரையுள்ள நீளத்துக்குச் சமமான குச்சியொன்றைக் கையில் செங்குத்தாகப் பிடித்துக் கொள்ளுங்கள். குச்சியின் கீழ்முனை மரத்தின் அடியோடும் மேல்முனை உச்சியோடும் பொருந்தித் தெரியும்வரை பின்னோக்கி நடந்து செல்லுங்கள். பொருந்தும் இடத்துக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள தூரமே மரத்தின் உயரமாகும். இந்த உயரத்தைவிட மரத்துக்கும் வீட்டுக்கும் உள்ள இடைவெளி குறைவாயிருந்தால், அம்மரம் வீட்டை எட்டும் மரமே.

மரத்துக்கு மரம் குணம் வேறு

எல்லா மரங்களும் ஒரே விதமாக முறிவதில்லை. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட தூங்குமூஞ்சி மரம் குடைபோல் விரியும். அதன் கிடைமட்டக் கிளைகள் தம் பாரத்தாலேயே முறியக்கூடும். ரப்பர் மரத்தின் தண்டு பலத்த காற்றில் எளிதில் ஒடியும் என்பது தோட்ட மக்கள் நன்கறிந்த உண்மை. பத்தாய் மரம் விரைந்து வளரும். விரைந்து வளர்ந்த அதன் கட்டை மென்மையானது. அக்காசியா மரத்தில் வெளியே தெரியாமல் நடுமரம் அழுகும் நோய் உண்டு. முதிர்ந்த மாமரம் உள்ளே பொந்து விழுந்தும் காய்த்துக் கொண்டே இருக்கும்; காய்க்கிறது என்பதனாலேயே அது நலமாயிருக்கிறது என்று கொள்ளலாகாது. தென்னையும் டுரியானும் நின்றவாறே ஆபத்து விளைவிப்பவை. உதிரும் மட்டையும் நெற்றும் பழமும் தலையில் விழுந்தால் உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே இவை வீட்டு வாசலுக்கும் பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கும் நேர்மேலே இருத்தல் தகாது.

வெட்டாமலே தீர்வு காணுதல்

பேராக் மாநிலம் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் நடப்பட்ட ரப்பர் மரமொன்று வேலியிட்டுக் காக்கப்பட்டு வருகிறது. 1880ஆம் ஆண்டில் உருவான தைப்பிங் ஏரிப் பூங்காவில் நூறாண்டு கடந்த தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைக் கடந்து ஏரிநீரைத் தொடும் அளவுக்குக் கிளை நீட்டி நிற்கின்றன. முதுமை ஒன்றே மரத்தை வெட்டுவதற்குக் காரணமாகாது என்பதற்கு இவை சான்றுகள். நோயற்ற மரத்தைக் கிளை கழித்தே பல ஆண்டுகள் காக்கலாம்.

பட்ட கிளைகளையும், கூரைக்கு மேல் நீண்ட கிளைகளையும் அகற்றிக் கூரைக்கும் கிளைக்கும் இடையே இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி விட வேண்டும். பெருங்கிளையை ஒரே வெட்டில் வெட்டினால் அது விழும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக் கொண்டு போகும். ஆகவே மூன்று வெட்டுகள் தேவை. முதலாவதாக, அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் சிறிதளவு அறுக்க வேண்டும். இரண்டாவதாக, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழச்செய்ய வேண்டும். இறுதியாக, எஞ்சிய கட்டையைக் கிளை தொடங்கும் இடத்திலுள்ள புடைப்பான வளையத்தை ஒட்டி, அவ்வளையத்துக்குச் சேதம் நேராதவாறு அறுக்க வேண்டும். அவ்வளையமே காயத்தை மூடி வளரும் பகுதி. வெட்டுவாயில் தாரோ சாயமோ பூசுவது பழைய வழக்கம். அதனால் அழுகல் தடுக்கப்படுவதில்லை என்பது பின்னைய ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது.

மரத்தின் தலையை முழுவதும் வெட்டி மொட்டையாக்குவது பலரிடம் உள்ள பழக்கம். இதனால் மரம் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறானது. வெட்டப்பட்ட இடத்தில் அழுகல் இறங்கும். அதைச் சுற்றி எழும் புதுக் கிளைகள் மேற்பட்டையில் ஒட்டிக்கொண்டு நிற்பவையே அன்றி உள்மரத்தில் வேரூன்றியவை அல்ல. சில ஆண்டுகளில் அவை பருத்து, முன்னிலும் எளிதாக ஒடிந்து விழும்.

வெட்டுமுன் அறிய வேண்டியவை

மரத்தை அகற்றுவதே வழி என்று முடிவாயின், முதலில் அம்மரம் யாருடையது என்பதை அறிய வேண்டும். தோட்ட நிலத்தில் நிற்கும் மரம், அதை நம் தந்தையாரே நட்டிருந்தாலும், நிர்வாகத்தின் பொறுப்பிலுள்ளது. குடியிருப்போர் தாமே வெட்டலாகாது. அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, கடிதத்தின் நகலொன்றை வைத்துக்கொள்ளுதல் நன்று. வாய்மொழியாகக் கூறியது மறக்கப்படலாம். எழுத்தில் கொடுத்தது மறுக்கப்படாது.

தாமான்களில் சொந்த வீடு வாங்கிக் குடியேறியோர் வேறொரு சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தில் 1995ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட உள்ளூர்த் திட்ட அதிகாரத் தரப்பின் எழுத்துப்பூர்வமான அனுமதி தேவை. பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்தைத் தவிர்ப்பதற்கும் விலக்குண்டு. 0.8 மீட்டர் சுற்றளவு என்பது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் குறுக்களவு. அதாவது பெருமரம் எதுவாயினும் இவ்விதிக்கு உட்படும். நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ முன்கூட்டியே விசாரித்துக் கொள்வது வீண் சிக்கலைத் தவிர்க்கும். சாலையோரத்து மரமாயின் அதனைக் கவனிப்பது அம்மன்றங்களின் கடமையே.

மின்கம்பிக்கு அருகிலுள்ள மரத்தில் எவரும் கை வைக்கலாகாது. பச்சை மரத்தினூடே மின்சாரம் பாயும்; ஏணியும் நனைந்த கயிறும் அவ்வாறே. தெனாகா நேஷனல் நிறுவனத்தின் 15454 என்ற எண்ணுக்குத் தகவல் தெரிவித்து, அவர்கள் வந்து ஆவன செய்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். மரம் சாய்ந்து கம்பி அறுந்து கிடந்தால், அருகே செல்லாமல் 999 எண்ணை அழைக்க வேண்டும்.

மேட்டுச் சரிவில் நிற்கும் மரத்தை அகற்றுமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ண வேண்டும். அதன் வேர்களே மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கும். மரம் வெட்டப்பட்டதும் சரிவு உடனே இடிந்து விழாது. சில ஆண்டுகளில் வேர்கள் மக்கிய பின்னரே மண் நழுவத் தொடங்கும். அத்தகைய இடங்களில் மரத்தை உயரம் குறைத்து வைப்பதா, அன்றி அகற்றிவிட்டு வேறு செடிகளை நட்டு மண்ணைக் காப்பதா என்பதை நிர்வாகம் தக்கவர்களைக் கொண்டு முடிவு செய்தல் வேண்டும்.

அரசு, ஆல், வேம்பு முதலியவற்றின் அடியில் சிறு தெய்வத்தை வைத்து வழிபடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அம்மரத்தை வெட்டப் பலர் மனம் ஒப்புவதில்லை. இது மதிக்கத்தக்க உணர்வே. ஆனால் மரம் சாய்ந்தால் முதலில் நசுங்குவது அதனடியில் உள்ள சன்னதியும் அங்கு கூடியிருக்கும் மக்களுமே என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலய நிர்வாகத்தாரும் தோட்ட நிர்வாகமும் ஊர்ப் பெரியோரும் கலந்துபேசி, முறைப்படி பூசை செய்து தெய்வத்தை இடம் மாற்றிய பின் மரத்தை அகற்றலாம்; நலமான மரமாயின் பட்ட கிளைகளை மட்டும் கழித்து வைத்துக் கொள்ளலாம்.

வெட்டும் நாளில்

வீட்டருகே பெருமரம் வெட்டுவது பயிற்சி பெற்றோர் செய்யும் வேலை. செயின்சா எனப்படும் இயந்திர வாளைக் கையாளத் தெரிந்தவர் எல்லாம் மரம் வெட்டத் தெரிந்தவராகிவிடார். குறைந்த கூலிக்கு வருகிறார் என்பதற்காக, கயிறும் தலைக்கவசமும் இன்றி வருபவரிடம் வேலையை ஒப்படைத்தால், அவர் உயிருக்கும் நம் கூரைக்கும் ஒருசேரத் தீங்கு தேடியவராவோம்.

திறந்த வெளியில் மரத்தை முழுமையாகச் சாய்க்கலாம். சாய வேண்டிய பக்கத்தில் மரத்தின் குறுக்களவில் ஐந்திலொரு பங்கு முதல் நான்கிலொரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் முதல் வெட்டு இடப்படுகிறது. பின்னர் எதிர்ப்பக்கத்தில், சற்று உயரத்திலிருந்து அறுத்து வருகின்றனர். இரு வெட்டுகளும் ஒன்றை ஒன்று தொடாமல் நடுவே ஒரு பட்டையளவு மரத்தை விட்டுவைக்க வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி, அப்பட்டையே மரம் திசை மாறாமல் சாய உதவுகிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் எப்பக்கம் விழும் என்று எவராலும் கூற இயலாது. வெட்டுபவர் சாயும் திசைக்கு எதிரே, பக்கவாட்டாகப் பின்வாங்கும் பாதையை முன்னதாகவே செம்மை செய்து வைத்துக் கொள்ள வேண்டும். ஏனையோர் மரத்தின் உயரத்தைப் போல் இருமடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்றல் வேண்டும்.

வீடுகளுக்கிடையே நிற்கும் மரத்தை இவ்வாறு சாய்க்க இயலாது. உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அந்நாளில் பக்கத்து வீட்டாரையும் முன்னறிவித்து அப்புறப்படுத்தி, பிள்ளைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் தொலைவில் வைத்தல் வேண்டும். காற்றும் மழையும் உள்ள நாளில் வேலையை ஒத்திப்போடுவதே அறிவுடைமை. புயலில் ஏற்கெனவே சாய்ந்து, வேறு மரத்தின்மீதோ கூரைமீதோ தொங்கி நிற்கும் மரம் மிகவும் அபாயமானது. வளைந்து இறுகி நிற்கும் கட்டையை அறுத்தால் அது வில்போல் தெறிக்கும். அதனைத் தீயணைப்பு மீட்புப் படையினரிடமோ, தேர்ந்த தொழிலாளரிடமோ விட்டுவிட வேண்டும்.

அடிக்கட்டையும் கழிவுகளும்

மரம் போன பின் அடிக்கட்டையை அப்படியே விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. மக்கும் கட்டையும் வேரும் கறையானுக்கு விருந்து. அங்கே பெருகும் கறையான் மண்ணுக்கடியில் வழி செய்துகொண்டு வீட்டின் பலகைக்கும் உத்தரத்துக்கும் வந்துசேரும். ரப்பர் மரங்களைத் தாக்கும் வெண்வேர் நோயும் பழைய கட்டைகளில் தங்கி, வேரோடு வேர் தொடும் வழியாக அடுத்த மரத்துக்குப் பரவுகிறது. ஆகவே இயன்றவரை கட்டையைத் தோண்டி அகற்றி, குழியை மண்ணிட்டு இறுக்கி நிரப்ப வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி வேர் சென்றிருந்தால் அதை இழுத்துப் பிடுங்காமல், இருபுறமும் அறுத்துத் துண்டாக எடுக்க வேண்டும். இல்லையேல் தளமும் வடிகாலும் பெயர்ந்துவிடும்.

கிளைகளையும் சருகுகளையும் குவித்து எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றமாகும். சருகை மக்கச் செய்து காய்கறித் தோட்டத்துக்கு உரமாக்கலாம். விறகாகப் பிளந்த கட்டையை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல், தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி அடுக்க வேண்டும்.

வீட்டின் வெளிப்புறம்

மரத்தைக் கவனித்த பின், இத்தனை ஆண்டுகளாக அதன் நிழலில் இருந்த வீட்டையும் கவனிப்பது நம் கடமை. நிழலும் சருகும் நிறைந்த பக்கத்தில் கூரை விரைவாகத் துருப்பிடிக்கும். சுவரில் பாசி படரும்.

கூரை: தகரக் கூரையில் தேங்கும் ஈரச் சருகு தகட்டை அரிக்கும். அதை அவ்வப்போது கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். தளர்ந்த ஆணிகளை, ரப்பர் வளையத்துடன் கூடிய திருகாணிகளாக மாற்றுவது நல்லது. ஆணி தகட்டின் மேட்டுப் பகுதியில் இறங்க வேண்டும். நீரோடும் பள்ளத்தில் இறங்கினால் ஒழுகும். மழைக்காலத்தில் கூரைமீது ஏறலாகாது. ஏணியைச் சாய்க்கும்போது நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் அடிப்பக்கத்தைத் தள்ளி வைத்து, ஒருவர் அதனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பழைய கட்டடங்களில் உள்ள அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளை உடைப்பதோ துளையிடுவதோ தேய்த்துக் கழுவுவதோ கூடாது. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் சென்றால் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் உண்டாகலாம். கிளை விழுந்து அத்தகடு உடைந்திருந்தால், துண்டுகளை நீரால் நனைத்து, பிள்ளைகளை விலக்கி வைத்து, நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். உலர்ந்த தூளைக் கூட்டுவது தவறு.

நீர்த்தாரை: கூரைவிளிம்புத் தாரையில் சருகு அடைத்தால் நீர் தேங்கும். ஒரு வாரம் பத்து நாள்களுக்குள் ஏடிஸ் கொசு அதில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற்றுவிடும். மரப்பொந்தில் தேங்கும் நீரும் அவ்வாறே. டிங்கிக் காய்ச்சலுக்கு இடமளிக்கும் இத்தகைய தேக்கங்கள் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின்கீழ்த் தண்டனைக்கும் இடமளிப்பவை. ஆகவே வாரம் ஒருமுறை தாரையைப் பார்வையிடுதல் வேண்டும்.

சுவரும் தூணும்: பலகைச் சுவரின் அடிப்பகுதி மண்ணைத் தொடலாகாது. மண்கோடுகள்போல் கறையான் பாதை தெரிகிறதா என்று தூண்களையும் படிக்கட்டின் அடியையும் பார்க்க வேண்டும். பறவைகளின் எச்சத்தால் சுவர் வெடிப்பிலும் தாரையிலும் முளைக்கும் ஆல், அரசங் கன்றுகளைச் சிறிதாயிருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அவற்றின் வேர் சுவரையே பிளக்கும்.

சாயம் பூசுதல்: தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் பூசுவது நம் வழக்கம். மகிழ்ச்சிக்குரிய வழக்கமே. ஆனால் மேற்குக் கரையில் தீபாவளி வருவது பெரும்பாலும் அடைமழைக் காலத்தில். ஈரப் பலகையில் பூசிய சாயம் சில மாதங்களில் கொப்புளித்து உரியும். வீட்டின் உட்புறத்தைத் தீபாவளிக்கு வைத்துக்கொண்டு, வெளிப்புறத்தை மழை குறைந்த ஜூன், ஜூலை மாதங்களிலேயே முடித்துக்கொள்வது செலவை மிச்சப்படுத்தும். முதலில் பாசியைக் கழுவி, நன்கு உலரவிட்டு, உரிந்த சாயத்தைச் சுரண்டி, அடிப்பூச்சு இட்ட பின்னரே மேற்பூச்சு இட வேண்டும். மிகப் பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம். ஆதலால் அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்காமல், நனைத்துச் சுரண்டி, கழிவைப் பிள்ளைகளுக்கு எட்டாதவாறு அப்புறப்படுத்த வேண்டும்.

யார் பொறுப்பு?

தோட்ட வீடுகளைப் பொறுத்தவரை, 1966ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்புத் தரச் சட்டம், அதாவது 446ஆம் எண் சட்டம், வீடுகளைக் குடியிருக்கத்தக்க நிலையில் வைத்திருக்கும் கடமையை முதலாளிமார் மீது சுமத்தியுள்ளது. 2019ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற இச்சட்டத்தின் புதிய விதிகள் 2020ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தன. கூரை ஒழுகினாலும், மரம் வீட்டை அச்சுறுத்தினாலும் முதலில் நிர்வாகத்திடம் முறையிட வேண்டும். நடவடிக்கை இல்லையெனில் தொழிற்சங்கத்தின் மூலமாகவோ நேரடியாகவோ தொழிலாளர் இலாகாவை அணுகலாம். அதே வேளையில், சருகு கூட்டுவதும் தாரை துப்புரவு செய்வதும் அறிகுறிகளைக் கண்டு உரிய காலத்தில் அறிவிப்பதும் குடியிருப்போரின் பங்காகும்.

அகற்றிய இடத்தில் மீண்டும் நடுவோம்

ஒரு மரத்தை இழந்த முற்றம் வெயிலில் காயும். ஆகவே வெட்டிய மரத்துக்கு ஈடாக மற்றொன்றை நடுவது நம் கடமை. இம்முறை, வளர்ந்தால் எவ்வளவு உயரம் எட்டும் என்பதை அறிந்து நடுவோம். வீட்டை ஒட்டி எலுமிச்சை, கறிவேப்பிலை, கொய்யா போன்ற சிறு மரங்கள் போதும். மா, பலா, டுரியான் ஆகியவற்றுக்கு உரிய இடம், அவை சாய்ந்தாலும் வீட்டைத் தொடாத தொலைவே. மின்கம்பிக்கும் வடிகாலுக்கும் நேரே எதையும் நடலாகாது.

நம் பெற்றோர் நட்ட மரத்தின் கனியை நாம் உண்டோம். அம்மரம் முதுமையுற்று ஆபத்தாகும் வேளையில் அதைத் தக்க முறையில் அகற்றுவது அவர்களுக்குச் செய்யும் குறையாகாது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் அரைமணி நேரம் செலவிட்டு வீட்டையும் மரத்தையும் சுற்றிப் பார்த்து, கண்டதை அலுவலகத்துக்கு எழுதித் தருவோமாயின், அடுத்து வரும் சூறைக்காற்றின்போது நம் பிள்ளைகள் அச்சமின்றி உறங்குவர்.